கண்ணாடிக் கூரைத் தொடர்வண்டிப் பெட்டி

கண்ணாடிக் கூரைத் தொடர்வண்டிப் பெட்டி என்பது, பக்கவாட்டில் மட்டுமன்றித் தலைக்கு மேலும் வெளிக்காட்சி தெரியுமாறு கட்டப்படும் பயணிகள் பெட்டியாகும். இந்தியாவில் இது விஸ்டாடோம் பெட்டி எனப்படுகிறது. ஒரு சுற்றுலாப் பயணத்திற்கு எந்தப் பெட்டி பொருந்தும் என்பதைப் பெட்டியின் அழகைவிடப் பாதையின் அமைப்பே முடிவு செய்கிறது என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

தோற்றம்

1944-ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன அதிகாரியான சைரஸ் ஆஸ்போர்ன், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள கிளென்வுட் பள்ளத்தாக்கு வழியாக டீசல் எஞ்சினின் ஓட்டுநர் அறையில் பயணம் செய்தார். ஓட்டுநருக்குக் கிடைக்கும் காட்சி பயணிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அங்கே பிறந்தது. அடுத்த ஆண்டே பர்லிங்டன் ரயில்பாதை நிறுவனம், இருந்த பெட்டி ஒன்றை மாற்றியமைத்து 'சில்வர் டோம்' என்ற பெட்டியை ஓட்டியது. அதன் கூரைக்கு மேல் கண்ணாடிக் குவிமாடம் எழுந்து நின்றது. பயணிகள் படியேறி அதற்குள் அமர்ந்தனர்.

1949-இல் ஓடத் தொடங்கிய கலிபோர்னியா செபிர் வண்டி, மலைப்பகுதிகளைப் பகல் நேரத்தில் கடக்கும்படி கால அட்டவணை வகுத்துக்கொண்டது. 1955-இல் கனடாவிலும் குவிமாடப் பெட்டிகளுடன் நெடுந்தொலைவு வண்டி வந்தது. ஆனால் நியூயார்க் நகருக்குள் செல்லும் தாழ்வான சுரங்கப் பாதைகளில் இந்த உயரமான பெட்டிகள் நுழைய முடியவில்லை.

இந்தியாவில்

இந்தியப் பெட்டிகளில் மேலெழும் குவிமாடம் இல்லை. பெட்டியின் வழக்கமான உயரத்துக்குள்ளேயே கூரையின் ஒரு பகுதி கண்ணாடியாக அமைகிறது. எனவே மேலே மின்கம்பி ஓடும் பாதைகளிலும் சுரங்கங்களிலும் இது தடையின்றிச் செல்கிறது. சென்னை பெரம்பூரிலுள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) இவற்றில் பலவற்றைக் கட்டியது.

முதல் விஸ்டாடோம் பெட்டி 2017 ஏப்ரலில் விசாகப்பட்டினம் - அரக்கு வழித்தடத்தில் அறிமுகமானது. இரும்புத் தாது கொண்டுசெல்ல அமைக்கப்பட்ட இம்மலைப்பாதையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் உள்ளன. அதே ஆண்டு தாதர் - மட்காவ் ஜனசதாப்தி வண்டியிலும், 2019 டிசம்பரில் கால்கா - சிம்லா குறுகிய பாதையிலும், 2021-இல் மும்பை - புனே, யஷ்வந்தபுரம் - மங்களூரு தடங்களிலும் இவ்வகைப் பெட்டிகள் வந்தன. 2020 டிசம்பரில் புதிய வகைப் பெட்டி மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது. இதில் 44 இருக்கைகள் உள்ளன. ஒவ்வொன்றையும் 180 பாகை திருப்பலாம். பெட்டியின் ஒரு முனையில் நின்று பார்க்கும் கண்ணாடிக் கூடம் உண்டு.

கண்ணாடிக் கூரை இல்லாத காட்சிப் பெட்டிகள்

நீலகிரி மலை இரயில் பாதை 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் உதகமண்டலம் வரையும் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. அதனால் முன்னே செல்லும் பெட்டியில் இருப்பவர்களுக்கு எஞ்சின் மறைக்காத காட்சி கிடைக்கிறது. இலங்கையில் கொழும்பு - பதுளை மலைநாட்டு வண்டிகளின் கடைசியில் பின்புறம் பெரிய சன்னலுடன் காட்சிப் பெட்டி இணைக்கப்படும் வழக்கம் இருந்தது. அங்கே பயணிகள், கடந்துபோகும் பாதையைப் பார்த்தபடி சென்றனர்.

தேர்ந்தெடுக்கும் முறை

1. காட்சி எங்கே உள்ளது: செங்குத்தான மலைச்சுவர், பள்ளத்தாக்கு, அருவி ஆகியவை பாதையை ஒட்டி உயர்ந்து நின்றால் கண்ணாடிக் கூரை பயன்படும். தொலைவிலுள்ள மலைகளுக்கு அகலமான பக்கச் சன்னலே போதும்.
2. பெட்டியின் இடம்: கண்ணாடிக் கூடம் வண்டியின் கடைசி முனையில் அமைந்தால்தான் அதன் பயன் முழுமையாகும்.
3. வெயில்: கூரைக் கண்ணாடி வெப்பத்தையும் உள்ளே விடும். குளிர்சாதன வசதி தேவை.
4. நேரம்: காட்சிப் பகுதியைப் பகலில் கடக்கும் வண்டியாக இருக்க வேண்டும்.

குழுவாகச் செல்வோர் முழுப் பெட்டியையோ முழு வண்டியையோ ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக முழுக் கட்டண முறையில் பதிவு செய்யலாம்.

கல்வராயன் மலைப் பகுதி

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை உள்ளது. இம்மலையைப் பார்த்தபடி செல்லும் தொடர்வண்டிப் பாதை விருத்தாசலம் - சேலம் பாதையாகும். சின்னசேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகச் சேலம் செல்லும்போது வலப்புறம் கல்வராயன் மலையும், இடப்புறம் பச்சைமலையும் தெரியும். பாதை மலைமீது ஏறாமல், இரண்டுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் செல்கிறது. மேற்கண்ட முறைப்படி பார்த்தால் இங்கே கண்ணாடிக் கூரை தேவைப்படாது. சாதாரணப் பெட்டியின் வலப்புறச் சன்னல் இருக்கையே போதும்.

மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சியை இப்பாதையுடன் இணைக்கச் சின்னசேலத்திலிருந்து சுமார் 16 கி.மீ. நீளப் புதிய பாதைத் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. கச்சிராயபாளையம், வெள்ளிமலை போன்ற ஊர்களுக்குச் செல்வோர் சாலை வழியையே நம்பியுள்ளனர். கண்ணாடிக் கூரையைவிட, வந்து இறங்குவதற்கு ஒரு நிலையமே இம்மலையடிவார மக்களுக்கு முதல் தேவையாகும்.