பஸ்காப் பந்தியில் பிள்ளைகளின் கைவேலை

பஸ்கா இரவுக்கென யூத இல்லங்கள் பலவற்றில், புளிப்பில்லா அப்பத்தை மூடும் துணியையும் எலியாவுக்கென வைக்கும் கிண்ணத்தையும் பிள்ளைகளே வண்ணந்தீட்டி அணிசெய்கின்றனர். இதனை வெறும் அலங்காரமென நாம் கொள்ளலாகாது. பிள்ளைகள் வினவுங்கால் பெற்றோர் விடைகூறவேண்டுமென்பது யாத்திராகமம் 12:26, 27-இன் கட்டளை. கி.பி. 70-இல் ரோமர் எருசலேம் தேவாலயத்தை அழித்தனர்; ஆங்குச் செலுத்தப்பட்ட பஸ்காப் பலியும் நின்றது. அதன்பின் வீட்டுப் பந்தியே விடுதலையை நினைவுகூரும் இடமாயிற்று. ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, மகன் வினவ, தந்தை அவன் அறிவுக்கேற்பக் கற்பிக்குமாறு விதித்தது. பிள்ளைகள் உறங்காது வினவும்பொருட்டு ரபீ அகிபா அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைப் பருப்புகளும் வழங்கினாரெனத் தல்மூத் கூறும். இன்றைய வண்ணமும் தூரிகையும் அந்நோக்கத்திற்கே உதவுகின்றன. பலிபீடம் வீழ்ந்தபின்னும் நினைவு வீழாதிருந்தமைக்கு, பிள்ளையின் கேள்விக்குப் பந்தியில் இடமிருந்ததும் ஒரு காரணமாகும். அவ்வதிகாரத்தைப் போதிக்கும் நாமோ, ஆட்டுக்குட்டியைக் குறித்து விரிவாய்ப் பேசி, கேள்வி கேட்கும் பிள்ளையை மறந்துவிடுகிறோமல்லவா?