பிக்-அப்பின் பின்பக்கம் தாழ்கிறதா? பட்டை ஸ்பிரிங்கில் கைவைக்கும் முன் அறிய வேண்டியவை

செம்பனைக் குலை, கேமரன் மலைக் காய்கறி, இரவுச் சந்தைச் சாமான், திருமண விருந்துப் பாத்திரம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கான போத்தல் பெட்டி என எதை ஏற்றினாலும், மலேசியாவில் சிறுதொழில் செய்யும் பலருக்கு ஹைலக்ஸ், ட்ரைட்டன், டி-மேக்ஸ் போன்ற பிக்-அப்தான் லோரி. சுமை கூடக் கூட வண்டியின் பின்பக்கம் தாழும். முன்விளக்கு மேலே தூக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும். பள்ளத்தில் இறங்கினால் அடியில் 'டம்' என்று இடிக்கும். உடனே பட்டறைக்குப் போய், "பின்னால் இன்னொரு பட்டை போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பது வழக்கம். சில வண்டிகளுக்கு அது சரியான வைத்தியம். வேறு சிலவற்றில் அது தாழ்வை மறைத்துவிட்டுக் கோளாற்றை வேறு இடத்துக்குத் தள்ளிவிடும்.

எடை பார்க்காமல் தொடங்கக் கூடாது

'ஒரு டன் வண்டி' என்ற பெயரே பலரை ஏமாற்றுகிறது. தயாரிப்பாளர் அனுமதிக்கும் மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் வருவதுதான் சுமக்கக்கூடிய அளவு. பின்னால் ஏற்றும் சரக்கோடு ஓட்டுநர், உடன் வருபவர்கள், மேற்கூரை, இரும்புக் கூண்டு, கருவிப் பெட்டி எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். ஒரு வண்டி 900 கிலோ சுமக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். தலா 70 கிலோ எடையுள்ள நால்வர் ஏறினால் 280 கிலோ போய்விடும். கூரையும் கூண்டும் 150 கிலோ. சரக்குக்கு மிஞ்சுவது 470 கிலோதான். 20 கிலோ குலை என்றால் 23 குலை. 500 மில்லிலிட்டர் தண்ணீர்ப் போத்தல் 24 கொண்ட பெட்டியில் தண்ணீர் மட்டுமே 12 கிலோ என்பதால், 40 பெட்டி ஏற்றினாலே அளவு தாண்டிவிடும்.

லோரிகளின் பக்கவாட்டில் சுமையில்லா எடை, சுமையோடு கூடிய எடை என இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மலாய்ச் சுருக்கமான அவ்விரண்டையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி.டி.எம்.' என்றுதான் வரும். குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்! இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது, பெரிய எண். எத்தனை தடித்த ஸ்பிரிங் போட்டாலும் அந்த எண் மாறாது. அச்சு, பேரிங், பிரேக், சேஸி, டயர் எல்லாம் பழையவைதானே. ஸ்பிரிங்கை வலுப்படுத்துவது, அனுமதித்த எடையை வண்டி நிமிர்ந்து நின்று சுமப்பதற்காக; அதைத் தாண்டி ஏற்றுவதற்காக அல்ல. வண்டியின் அமைப்பை மாற்றுவதாக இருந்தால் ஜே.பி.ஜே.யிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அளவு மீறிய சுமையோடு விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கேள்வி எழுப்பவும் இடமுண்டு.

செம்பனை ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் எடைமேடை இருக்கிறது. வழக்கமான சரக்கோடு ஒருமுறை வண்டியை ஏற்றிப் பார்த்துவிடலாம். பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினால் பின்அச்சில் இறங்கும் எடையும் தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது என்பதும் கணக்குதான்

ஹைலக்ஸ் இரட்டைக் கேபினில் முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் ஏறக்குறைய 3 மீட்டர். பின்அச்சுக்கு 1 மீட்டர் பின்னால், வால்கதவின் அருகே 300 கிலோவை வைத்தால் பின்அச்சில் இறங்குவது 300 கிலோ அல்ல, 400 கிலோ. அந்தக் கூடுதல் 100 கிலோ முன்அச்சிலிருந்து தூக்கப்படுகிறது. ஸ்டேரிங் இலேசாகி, மழையில் முன்சக்கரப் பிடிமானம் குறைவது இதனால்தான். அதே சரக்கைக் கேபினை ஒட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை செலவில்லாமல் தீரும். ஜெனரேட்டரைக் கடைசியாக இறக்க வேண்டுமே என்று சந்தை வியாபாரிகள் அலுத்துக்கொள்ளலாம். ஆனாலும் அது முன்னால் இருப்பதே நல்லது.

பட்டைகள் செய்யும் வேலை

பெரும்பாலான பிக்-அப்களின் பின்பக்கத்தில் வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். நீளமான தாய்ப்பட்டையின் இரு முனைகளும் சேஸியோடு இணைந்திருக்கும். அடுக்கின் அடியில் இருக்கும் தடித்த பட்டை பாரம் ஏறிய பிறகே வேலை செய்யத் தொடங்கும். காலப்போக்கில் எஃகு சோர்ந்து வளைவு குறையும். மட்டமான தரையில் வெற்று வண்டியை நிறுத்திப் பார்க்கும்போதே பட்டை நேர்க்கோடாகக் கிடந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். அதன்மேல் புதுப்பட்டை ஒன்றைச் செருகினால் புதியதே பெரும்பாரத்தைத் தாங்கும்; பழையவை அதன் வளைவுக்கு இழுபட்டு, நடு ஆணித் துளையருகே விரிசல் விடக்கூடும். பழைய பட்டையை மறுபடி வளைத்துத் தருவோரும் உண்டு. முறையாகச் சூடேற்றிப் பதப்படுத்தாவிட்டால் அது விரைவில் பழையபடி படுத்துவிடும்.

பட்டைகள் நல்ல நிலையில் இருந்து, சுமை மட்டும் கொஞ்சம் கூடியிருந்தால் ஒரு பட்டை சேர்ப்பது மலிவான, நியாயமான வழி. கூண்டு, கருவிப் பெட்டி போன்றவை எப்போதும் வண்டியிலேயே இருக்குமானால் முழுத் தொகுப்பையும் மாற்றுவதே மேல். இத்தொகுப்புகள் நிரந்தரச் சுமையின் அளவைச் சொல்லியே விற்கப்படுகின்றன. 300 கிலோவுக்கென்று செய்ததை வாங்கிவிட்டு வெறும் வண்டியை ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும். ஈரச் சாலை வளைவில் வழுக்கும். வாரத்தில் ஒருநாள் மட்டும் பாரம் ஏற்றுபவர் இதற்குப் பணம் செலவழிப்பது வீண்.

அப்படிப்பட்டவருக்கு ரப்பர் துணை ஸ்பிரிங் பொருத்தமானது. அசல் ரப்பர் கட்டை இருக்கும் இடத்தில் அது உட்காரும். வண்டி காலியாக இருக்கும்போது தொந்தரவு தராது. பாரம் இறங்கும்போது மெல்ல மெல்ல இறுகும்.

காற்றுப் பை இன்னொரு வழி. சேஸிக்கும் அச்சுக்கும் இடையே பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தி, சுமைக்கேற்பக் காற்று அடைக்கலாம். இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி மேலும் சாயும். இதைவிடப் பெரிய ஆபத்து சேஸிக்குத்தான். பட்டை ஸ்பிரிங் தன் பாரத்தைச் சேஸியின் இரண்டு இடங்களில் பகிர்ந்து கொடுக்கிறது. காற்றுப் பையோ அச்சுக்கு நேர்மேலே ஒரே புள்ளியில் முட்டுகிறது. வாலில் பெரும்பாரம், குண்டும் குழியுமான பாதை, பை நிறையக் காற்று மூன்றும் சேர்ந்தால் சேஸியே வளைந்துவிடும். ஆஸ்திரேலியாவில் இப்படி முதுகொடிந்த பிக்-அப்கள் பரவலாக அறியப்பட்டவை. தாழ்ந்த பட்டையைத் தூக்கி நிறுத்தக் காற்றுப் பையை நம்பக் கூடாது.

நிசான் நவாரா இரட்டைக் கேபினின், இங்கு 2015இல் வந்த தலைமுறை பின்னால் சுருள் ஸ்பிரிங் கொண்டது. அதற்குப் பட்டை சேர்க்கும் பேச்சே இல்லை. சுருளை மாற்ற வேண்டும், அல்லது சுருளுக்குள் அமரும் பை வேண்டும்.

அப்சார்பரை மாற்றினால் பின்பக்கம் உயரும் என்பது பரவலான தவறான எண்ணம். வழக்கமான அப்சார்பர் எடை தாங்குவதில்லை, ஆட்டத்தை அடக்குகிறது. ஆனால், ஸ்பிரிங் கடினமானால் அதை அடக்க வலுவான அப்சார்பரும் வேண்டும்.

பிரேக்கை மறக்கலாகாது

பழைய பிக்-அப்கள் பலவற்றில் பின்அச்சிலிருந்து சேஸியில் உள்ள ஒரு வால்வுக்குச் சிறிய கம்பி போகும். பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தை அது கூட்டிக் குறைக்கும். ஸ்பிரிங் மாற்றிப் பின்பக்கத்தை உயர்த்தினால், வண்டி காலியாக இருப்பதாக அந்த வால்வு எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். முழுப் பாரத்தோடு கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது அதன் விளைவு தெரியும். கம்பியைச் சரிசெய்து தருவார்களா என்று பட்டறையில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணையும் பார்க்க வேண்டும். 265/65 ஆர்17 அளவில் 112 என்றிருந்தால் அந்த டயர் தாங்குவது 1,120 கிலோ. அதுவும் சரியான காற்று இருந்தால்தான். பாரத்துக்குரிய காற்றழுத்தம் ஓட்டுநர் கதவோரச் சீட்டில் அல்லது கையேட்டில் இருக்கும்.

அச்சையும் பட்டையையும் பிணைக்கும் 'யு' வடிவ ஆணிகள் ஒருமுறை இறுக்கினாலே நீண்டுவிடுபவை. பழையதையே திரும்பப் போடாமல் புதியதைக் கேட்டு வாங்க வேண்டும். முன்விளக்கின் உயரத்தையும் சரிபார்க்க வேண்டும். வேலை முடிந்து சுமார் 500 கிலோமீட்டர் ஓடியதும், கையேட்டில் குறித்த அளவுக்கு அந்த ஆணிகளை மீண்டும் இறுக்க வேண்டும். அதற்கு முன்பே பின்னாலிருந்து கிரீச் சத்தமோ, கியர் மாற்றும்போது 'டக்' என்ற ஒலியோ கேட்டால், 500 வரை காத்திருக்காமல் அன்றே பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது.