கத்தரிக்குத் தப்பிய பூக்கள்

மலையேறுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாத்தின் மென்சிறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக்கை வாங்குவார்கள். ஜிப்பைப் பிரித்து, தலைமூடியை வெட்டி, ஓரம் தைத்து, வெறும் போர்வையாக்கிவிடுவார்கள். படுத்தால் முதுகுக்குக் கீழே இருக்கிற சிறகு நசுங்கிவிடும். நசுங்கின சிறகு குளிரைத் தடுக்காது. அப்புறம் அந்த எடையை எதற்கு முதுகில் சுமக்க வேண்டும்?

விலை கொடுத்து வாங்கிய படுக்கைத் துணியை வெட்டித் தன் வசதிக்குப் போர்வையாக்குவது புதிய யோசனை அல்ல. முன்னூறு வருடங்களுக்கு முன்பே ஐரோப்பா இதைச் செய்தது. வெட்டுப்பட்டது நம் சோழமண்டலக் கரைத் துணி. அந்த வியாபாரத்தின் பெரிய வாசல்களில் ஒன்று பழவேற்காடு.

ஆம், இன்று இறாலும் நண்டும் வாங்கப் போகிறோமே, அதே ஊர்தான். இங்கிருந்து மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சுமத்ராவுக்கும் வண்ணத் துணிகள் போனதை 1516 வாக்கிலேயே போர்ச்சுக்கீசியரான துவார்த்தே பார்போசா எழுதிவைத்திருக்கிறார். 1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-ல் கெல்திரியா கோட்டை எழுந்தது. அவர்கள் கண் கிராம்பிலும் ஜாதிக்காயிலும் இருந்தது. ஆனால் அது விளையும் தீவுகளில் நம் துணிக்குத்தான் கிராக்கி. எனவே துணியை வாங்கு, அதைக் கொடுத்து மசாலா வாங்கு. கணக்கு அவ்வளவுதான்.

அப்படியே ஐரோப்பாவுக்கும் கொஞ்சம் போனது. அதில் முக்கியமானது ‘பலங்போஷ்’ என்கிற கட்டில் விரிப்பு. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்த துணியில் படிகாரக் கரைசலால் கோலம் வரைவார்கள். பிறகு சாயவேர்ச் சாறில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் ஏறக் கூடாத இடங்களை மெழுகால் மூடிவிட்டு அவுரியில் முக்குவார்கள். துவைத்தாலும் சாயம் போகாது. அன்றைய ஐரோப்பாவில் இந்த வித்தை யாருக்கும் தெரியாது.

வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? 1643-லேயே லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி சூரத்துக்கு எழுதியது: போர்வைகளில் அந்த மங்கின சிவப்புத் தரை எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை, வெள்ளைத் தரையில் பூவும் கிளையுமாக அனுப்புங்கள். மாற்றம் முதலில் டிசைனில் வந்தது. அடுத்து கத்தரி.

அங்கே குளிர். நம் ஒற்றைத் துணி எந்த மூலைக்கு? உள்ளே பஞ்சோ கம்பளியோ வைத்து, அடியில் இன்னொரு துணி கொடுத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தையல் போட்டார்கள். மெத்தென்ற போர்வை தயார். கிழிந்தால் பாவாடை, பாவாடையும் நைந்தால் குழந்தைக்குத் தொப்பி. கடைசியில் மிஞ்சிய பூக்களையும் பறவைகளையும் ஒவ்வொன்றாகக் கத்தரித்து, சாதா வெள்ளைத் துணியில் பரப்பித் தைத்துப் புதுப் போர்வையாக்கினார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது பெரிய மோகமானது. பின்னால் இந்த வேலைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘பிரோதெரி பெர்ஸ்’. அதாவது பாரசீக எம்பிராய்டரி! பூ எங்கிருந்து வந்ததோ, அந்தக் கரைக்குப் பெயரில்கூட இடமில்லை.

கிராக்கி ஏற ஏற உள்ளூர் நெசவாளிக்கு வயிறு எரிந்தது. பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. லண்டனில் 1719-ல் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்தித் துணி உடுத்திய பெண்களின் உடையைக் கிழித்தார்கள். அடுத்து வந்த சட்டம், உடையாக மட்டுமல்ல, படுக்கை விரிப்பாகவும் இந்தத் துணி கூடாது என்றது. புகழ்பெற்ற நடிகர் டேவிட் காரிக்கின் மனைவிக்குப் பரிசாக வந்த கட்டில் திரைகளைக்கூட 1775-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது.

ஆனால் நம்மை வீழ்த்தியது தடை மட்டுமல்ல. 1742-ல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார், இந்தக் கரைச் சாயக்காரர்களிடம் கேட்டறிந்த செய்முறையைப் படிப்படியாக எழுதி ஊருக்கு அனுப்பினார். துணியை வெட்டினவரைக்கும் நஷ்டமில்லை. இன்னொரு துணி விற்கும். வித்தை கைமாறியதும் கதை வேறு. அங்கேயே அச்சு, அங்கேயே இயந்திரம். கடைசியில் அவர்கள் துணி நம் சந்தைக்கு வந்து இறங்கியது.

பழவேற்காட்டின் பெயருக்கும் இதே கதிதான். இங்கிருந்து போன கைக்குட்டைக்கு ஆங்கிலத்தில் ‘புலிகாட்’ என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே பெயரில் ஸ்காட்லாந்துத் தறிகளில் கைக்குட்டைகள் ஓடின. 1825-ல் டச்சுக்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. செதுக்கிய கல்லில் இறந்தவர் பெயர், தேதி எல்லாம் அழகாகப் படிக்கலாம். ஐரோப்பிய மியூசியங்களில் சோழமண்டலத் துணிகள் இருக்கின்றன. சிலவற்றில் கம்பெனி முத்திரைகூட அழியாமல் இருக்கிறது. அந்தப் பூவை வரைந்தவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.