முயல் கதையைக் கேட்டவர்கள்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் நடுவில் புட்னம் கௌண்டி இருக்கிறது. கௌண்டி என்பதை நம்முடைய தாலுகா மாதிரி என்று வசதிக்காகச் சொல்லிக்கொள்ளலாம். 1807-ல் ஏற்பட்டது; அடிமைகளின் உழைப்பில் பருத்தி விளைந்த பூமி. அதன் தலைமை ஊரான ஈட்டன்டன் மிகச் சிறியது. இந்த ஊர் இரண்டு எழுத்தாளர்களைத் தந்திருக்கிறது. ஒருவர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ், வெள்ளையர், 1908-ல் இறந்தவர். மற்றவர் ஆலிஸ் வாக்கர், கறுப்பினப் பெண், 1944-ல் பிறந்தவர். தன் பாரம்பரியத்தில் ஒரு பகுதியை ஹாரிஸ் திருடிவிட்டார் என்று 1981-ல் வாக்கர் வெளிப்படையாகவே சொன்னார். ஒரே மண்ணில் பிறந்த இருவரின் சச்சரவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வாய்மொழிக் கதை அச்சுக்குப் போகும்போது எது போகிறது, எது நின்றுவிடுகிறது என்ற பிரச்னை இதில் அடங்கியிருக்கிறது.

ஹாரிஸை வில்லனாக்கிவிடுவது சுலபம். ஆனால் அவர் வாழ்க்கை அதற்கு இடம் தரவில்லை. மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். தகப்பன் விட்டுவிட்டுப் போய்விட்டான். கூச்சம், திக்குவாய். உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருந்த 1862-ல் ஈட்டன்டனுக்கு அருகே டர்ன்வோல்ட் என்ற பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். பண்ணை முதலாளி ஜோசப் அடிசன் டர்னர் அங்கேயே ஒரு வாரப் பத்திரிகை அச்சிட்டுக்கொண்டிருந்தார். ஹாரிஸ் அச்சுக்கூடப் பையன். வேலை முடிந்த பின் அடிமைகளின் குடிசைகளுக்குப் போய் உட்கார்ந்து கதை கேட்பார். வெள்ளையர் சமூகத்தில் தனக்கென்று ஓர் இடம் இல்லாத பையனுக்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது. அவருக்குக் கதை சொன்னவர்களில் ஒருவர் ஜார்ஜ் டெரல் என்ற முதியவர். இந்தப் பெயரை ஆராய்ச்சியாளர்களுக்கு வெளியே அறிந்தவர் குறைவு.

பிறகு அட்லாண்டாவில் பத்திரிகையாளராகி, 1880-ல் முதல் தொகுப்பை வெளியிட்டார் ஹாரிஸ். கதைகளைத் தான் உண்டாக்கவில்லை, கேட்டதைத் தொகுத்தேன் என்று சொல்லிக்கொண்டவர் அவர். அது உண்மைதான். ஆனால் கதைகளைச் சொல்ல 'ரீமஸ் மாமா' என்ற ஒரு கிழவரை அவர் உண்டாக்கினார். அதைவிட முக்கியம், கேட்பதற்கு ஒரு சிறுவனை உண்டாக்கினார். அவன் வெள்ளைக்கார எஜமானியின் மகன்.

எல்லாம் இந்த ஓர் ஏற்பாட்டில் மாறிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நரி செய்துவைத்த தார் பொம்மையை அடித்து ஒட்டிக்கொள்கிறது முயல். எது வேண்டுமானாலும் செய், முட்புதரில் மட்டும் எறிந்துவிடாதே என்று கெஞ்சுகிறது. நரி எறிகிறது. முயல் பிறந்து வளர்ந்ததே முட்புதரில்தான். அடிமைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டபோது இது பலமற்றவன் பிழைத்துக்கொள்ளும் உபாயம். நரி யார் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இதையே எஜமானின் பிள்ளைக்குச் சொல்லும்போது நரி வெறும் நரியாகிவிடுகிறது. உள்ளடக்கம் சிதையாமல் அப்படியே இருக்கிறது. கதையின் கூர் மட்டும் போய்விடுகிறது.

நாட்டுப்புறக் கதை யாருக்கும் சொந்தமில்லையே என்று கேட்கலாம். தார் பொம்மைக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் இணைகள் உண்டு. புத்த ஜாதகக் கதைகளில் உடலெல்லாம் ஒட்டும் ரோமம் கொண்ட யக்ஷனோடு இதை ஜோசப் ஜேகப்ஸ் 1892-லேயே ஒப்பிட்டார். சரி, கதைக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மனிதர்கள் யாரிடமிருந்து எதைக் காத்துக்கொள்ள அதைச் சொன்னார்கள் என்பது பொதுச்சொத்து அல்ல.

வாக்கர் குத்தகை விவசாயக் குடும்பத்தில் எட்டாவது குழந்தை. பெற்றோர் இருவரும் கதை சொல்வதில் வல்லவர்கள்; வீட்டு முன்தாழ்வாரத்தில் இதே முயல் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1946-ல் டிஸ்னி இக்கதைகளைப் படமாக்கியது. அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு, இனப்பிரிவினை காரணமாக, ரீமஸாக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட்டே போகவில்லை. படம் பின்பு ஈட்டன்டனுக்கு வந்தபோது, கறுப்பர்களைப் பிரித்து உட்காரவைத்த தியேட்டரில் வாக்கர் அதைப் பார்த்தார். வெள்ளைக் குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சிரிக்கும் கிழவரைத் திரையில் பார்த்த பிறகு, தன் வீட்டுக் கதைகளே தனக்கு வெட்கமாகிவிட்டன என்பதுதான் அவர் குற்றச்சாட்டு. திருட்டு என்று அவர் சொன்னது இந்த வெட்கத்தை. 1963-ல் ஊரில் பழைய அடிமைக் குடிசைகளைக் கொண்டே ரீமஸுக்கு மியூஸியம் அமைத்தார்கள்.

வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' 1982-ல் வந்தது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அதில் ஸீலி என்ற பெண் கடிதம் எழுதுகிறாள். முதலில் கடவுளுக்கு, பிற்பாடு, கடவுள் செவிகொடுக்கவில்லை என்று கண்டு, தன் தங்கைக்கு. ஹாரிஸ் கறுப்பர் பேச்சை எழுத்துப்பிழைகள் போலத் தோன்றும்படி அச்சிட்டார். வாக்கரிடம் அதே கிராமத்துப் பேச்சு தனக்கென்று இலக்கணமுள்ள ஒரு மொழியாக நிற்கிறது. நாவல் முயலைப் பற்றியதும் அல்ல, நரியைப் பற்றியதும் அல்ல. ஆனாலும் ஹாரிஸுக்கான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். யாரிடம் பேசுவது என்பதை இங்கே பேசுகிறவளே தீர்மானிக்கிறாள்.

ஈட்டன்டன் நீதிமன்றப் புல்தரையில் அந்த முயலுக்கு ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. ஜார்ஜ் டெரல் அதை யாருக்குச் சொன்னார் என்பதைச் சிலையில் வடிக்க முடியாது. அதை எழுத்துதான் செய்ய வேண்டும்.