கண்ணாடிப் பெட்டியில் பறை

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், நம் மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். சாதிவாரியாக எழுதி, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அங்கே நம் உடல் வெறும் அளவு.

நூறு ஆண்டு கழித்து, 2010இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் மரினா அப்ரமோவிச் நாற்காலியில் பேசாமல் அமர்ந்திருந்தார். உடலே கலை என்று உலகம் வரிசையில் நின்றது. நல்லது. பறையடிப்பவரின் உடல்? ஊரில் சாவுக்கு அடித்தால் அடிமைத் தொழில், விழா மேடையில் அடித்தால் நாட்டுப்புறக் கலை. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, கொண்டாடினோம். ஆனால் நம் திருவண்ணாமலை மாவட்டத்துத் தென்முடியனூரில், போலீஸ் காவலோடு 2023 ஜனவரி 30 அன்றுதான் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால்வைக்க முடிந்தது.

பறையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து 'தோல் கருவி' என்று எழுதினால் பாதி வரலாறு வெளியே நிற்கிறது. கூலியில்லாமல் அடிக்க வைத்தது யார், 'இனி அடிக்கமாட்டோம்' என்று பறையைக் கீழே வைத்தது யார்? அடிக்க மறுத்ததும் ஒரு நிகழ்த்துதல்தான், தோழர்களே. அப்படி மறுத்த தாத்தாக்கள் இன்னும் நம் சேரிகளில் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் போய், அவர்கள் அனுமதியோடு குரலைப் பதிவு செய்யுங்கள்.