தூரிகையைத் தேடும் தியாகம்

ஒக்கூர் மாசாத்தியார் புறநானூற்றில் ஒரு தாயைக் காட்டுகிறார். தந்தையை ஒரு போரிலும் கணவனை மற்றொரு போரிலும் இழந்தவள் அவள். மீண்டும் போர்ப்பறை முழங்குகிறது. வீட்டில் எஞ்சியிருப்பவன் ஒரே மகன், அவனும் சிறுவன். அவன் குடுமிக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்துக் களத்திற்கு அனுப்புகிறாள். சொல்லால் தீட்டிய ஓவியம் அது! எண்ணெய் படிந்த அந்தக் கையை நாம் இன்றும் காண்கிறோம். அதனால்தான் அவள் தியாகம் மறக்கப்படவில்லை. நிகழ்ச்சியை ஏடு சொல்லும். நெஞ்சில் நிறுத்துவது காட்சியே.

சிங்கப்பூரின் போர்க்காலமும் இவ்வுண்மைக்குச் சான்று பகரும். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் இத்தீவு ஜப்பானியரிடம் வீழ்ந்தது. சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட ஐரோப்பியப் பெண்கள், பிரிந்த கணவன்மாருக்கு மடல் எழுதவும் வழியின்றித் தவித்தனர். கனடா நாட்டைச் சேர்ந்த எத்தல் மல்வானி என்னும் பெண்மணி ஒரு வழி கண்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு சதுரத் துண்டுத் துணி வழங்கப்பட்டது. அதில் தம் பெயரையும், தம்மை உணர்த்தும் ஓர் உருவத்தையும் அவர்கள் நூலால் வரைந்தனர். மலரை வரைந்தவர் உண்டு. சிறையறையையே வரைந்தவரும் உண்டு. அறுபத்தாறு சதுரங்கள் இணைந்து ஒரு போர்வையாயின. இவ்வாறு மூன்று போர்வைகள் மருத்துவமனைக்கென அனுப்பப்பட்டன. ‘நான் உயிரோடிருக்கிறேன்’ என்பதே ஒவ்வொரு தையலும் சுமந்த செய்தி. இன்று அவற்றுள் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திலும் போற்றப்படுகின்றன. ஊசியே அங்குத் தூரிகையாயிற்று.

நம் பெண்களின் கதை என்ன? 1943 அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. நேதாஜியின் அழைப்பை ஏற்று அதற்குத் தலைமை தாங்கியவர், சென்னையிலிருந்து வந்த டாக்டர் இலட்சுமி சுவாமிநாதன். மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்கள் அப்படையில் திரண்டனர்; அதே கைகள் துப்பாக்கி ஏந்தின. மாசாத்தியார் கண்ட தாய் மகனிடம் வேலைக் கொடுத்தாள். இவர்களோ தாமே ஏந்தினர். களம் செல்லாதோர் காதணியைக் கழற்றிக் கொடுத்தனர்.

மற்றொரு தியாகம் ஓசையின்றி நிகழ்ந்தது. சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளருள் பல்லாயிரவர் திரும்பவில்லை. சிங்கப்பூரில் சிறைப்பட்டு அப்பாதைக்கு அனுப்பப்பட்ட ஆங்கில ஓவியர் ரோனல்டு செர்ல், தாம் கண்ட துயரை மறைவாக வரைந்து காத்தார். ஆனால், தோட்டத்து லயத்தின் வாசலில் கணவனை எதிர்நோக்கி நின்றவள் அவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தாள். அவள் கையில் தாளும் இல்லை, வண்ணமும் இல்லை.

படைப் பெண்கள் அணிவகுத்த புகைப்படங்கள் உள்ளன. அவை சீருடையைக் காட்டும். காதணி கழன்ற செவியைக் காட்டுமா? லயத்து வாசலைக் காட்டுமா? கல்லும் நிலைப்பதில்லை. 1945 ஜூலையில் கடற்கரையில் அடிக்கல் நாட்டப்பட்ட இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னம், அவ்வாண்டு செப்டம்பரிலேயே பிரிட்டிஷாரால் தகர்க்கப்பட்டது. அது நின்ற இடத்தை உணர்த்தும் அடையாளம் 1995இல்தான் எழுந்தது.

டாக்டர் இலட்சுமி 2012இல் மறைந்தார். அக்காலத்தை நேரில் கண்டோர் அருகி வருகின்றனர். தேக்கா வீதிகளில் நடக்கும் இளைய ஓவியர்களே! உங்கள் இல்லத்து முதியோரிடம் கேளுங்கள், கேட்டதைத் தீட்டுங்கள். சிறைப்பட்ட பெண்களுக்கு ஒரு துண்டுத் துணி போதுமானதாயிற்று. நமக்கு அதனினும் குறைவாகவா இருக்கிறது?