வண்ண வாய்ப்பாடு

பெங்களூரில் விளம்பரப் படம், குறும்படம் என்று எடுத்துக்கொண்டிருக்கும் பையன்களோடு பத்து நிமிடம் பேசினால் 'லட்' என்ற வார்த்தை காதில் விழாமல் போகாது. "அந்த லட்டைப் போட்டுப் பாரு மச்சி" என்பார்கள். கல்யாண வீட்டு லட்டு இல்லை, வீடியோவின் நிறத்தை மாற்றும் ஒரு சின்ன ஃபைல். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது: வாய்ப்பாடு.

ஏழெட்டு எத்தனை என்றால் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஐம்பத்தாறு என்று தானாக வாயில் வருகிறது. இதுவும் அப்படித்தான். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. இந்த மூன்று வந்தால் அந்த மூன்றைக் கொடு என்று முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியல்தான் லட். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் என்றால் 1,67,77,216 வரிகள் வேண்டும். அவ்வளவையும் எழுதுவதில்லை. நிறத்துக்கு 33 படி மட்டும் எடுத்துக்கொண்டு 35,937 வரிகளோடு நிறுத்திவிடுவார்கள். இடையில் வருவதை அக்கம்பக்கத்து விடைகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்வது கம்ப்யூட்டரின் வேலை. ப்ளஸ் டூவில் கிளார்க்ஸ் டேபிளைப் புரட்டி, ஓரத்தில் இருக்கும் 'மீன் டிஃபரன்ஸ்' எண்ணைச் சேர்த்தோமே, கிட்டத்தட்ட அதே வித்தை.

படத்தை அழகாக்கத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். கதை வேறு. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதல் முழுநீளக் கன்னட வண்ணப்படம் 1964-ல் வந்த 'அமரசில்பி ஜகணாசாரி'. எடுத்தவர் பி.எஸ். ரங்கா, பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கும் மாகடிக்காரர். ஆனால் அவருடைய விக்ரம் ஸ்டூடியோ இருந்தது சென்னையில். அந்தக் காலத்தில் கன்னடப் படங்களுக்கு ஸ்டூடியோ, லேப் எல்லாமே பெரும்பாலும் சென்னைதான். வேலை தேடி நாம் பெங்களூருக்கு ரயில் ஏறுவதற்கு வெகுநாள் முன்பே, கன்னட சினிமா நிறம் தேடி நம்மூருக்கு ரயில் ஏறியது!

லேபில் நிறத்தைத் தீர்மானிப்பவர் கிரேடர். நெகட்டிவிலிருந்து பாசிட்டிவ் போடும்போது அதன் வழியே பாயும் சிவப்பு, பச்சை, நீல ஒளியை ஷாட்டுக்கு ஷாட் கூட்டிக் குறைப்பார். 1961-ல் பெல் அண்ட் ஹவல் கொண்டுவந்த பிரிண்டரில் ஒவ்வொரு ஒளிக்கும் 50 படிகள், நடு எண் 25. கிரேடரின் கையில் இருந்தது இந்த மூன்று எண்கள்தான். முகத்தைத் தொடாமல் வானத்தை மட்டும் நீலமாக்க முடியாது. மிச்சமெல்லாம் ரசாயனத்தின் பாடு.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1937-ல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்' படத்தை, கோடாக்கின் சினியான் முறையில் 1993-ல் முழுவதுமாக ஸ்கேன் செய்து, சுத்தப்படுத்தி, மறுபடி பிலிமில் ஏற்றினார்கள். 2000-ல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?' படத்தில் ஒளிப்பதிவாளர் ரோஜர் டீகின்ஸ், மிசிசிப்பியின் பச்சைப்பசேல் கோடையைக் கம்ப்யூட்டரிலேயே காய்ந்த மஞ்சளாக்கினார்.

இங்கேதான் சிக்கல். மானிட்டரில் பார்த்த நிறம் தியேட்டரில் வராது. பிலிம் தன் இஷ்டத்துக்கு நிறங்களை வளைக்கும். அதனால் எண்கள் தெரிந்த வண்ணக் கட்டங்களைப் பிலிமில் அச்சிட்டு, கழுவி, அளந்து, எதைப் போட்டால் எது வருகிறது என்று பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியல் வழியாக மானிட்டரைப் பார்த்தால், நாளைக்குத் தியேட்டரில் தெரியப்போவது இன்றைக்கே தெரிந்துவிடும். ஆக, சினிமாவில் இந்த வாய்ப்பாடு செய்த முதல் பெரிய வேலை அலங்காரம் இல்லை, முன்னறிவிப்பு.

2013-ல் ஃபியூஜி சினிமா பிரிண்டுக்கான பிலிம் விற்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அதன் 3513 பிலிமைப் போலக் காட்டும் வாய்ப்பாடு டாவின்சி ரிசால்வ் மென்பொருளோடு இன்றும் வருகிறது. பிலிம் போனது, லேப்களும் ஒவ்வொன்றாகப் போயின, விடை மட்டும் மிச்சம். ரிசால்வின் அடிப்படைப் பதிப்பு இலவசம் என்பதால் கோரமங்களாவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையனுக்கும் அது கிடைக்கிறது. நல்ல விஷயம்தான்.

ஆனால் வாய்ப்பாட்டுக்கு விடை மட்டும்தான் தெரியும், கேள்வி தெரியாது. ஆரி கேமராவின் லாக் பதிவுக்காகச் செய்ததை வேறு கம்பெனி கேமராவின் பதிவில் போட்டால், அது மறுப்பே சொல்லாமல் தப்பான முகத்தைக் கொடுக்கும். நம்மூர்ப் பஞ்சாங்கத்தை நினைத்துப் பாருங்கள். சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்ல வரருசியின் 248 வாக்கியங்களும் ஒரு வாய்ப்பாடுதான். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய கணக்கைக் கைவிடவில்லை, திருக்கணிதம் திருத்திக்கொண்டது. விளைவு? ஒரே சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச்சில், வாக்கியப்படி 2026 மார்ச்சில்!

இன்னொன்று, வாய்ப்பாடு தொலைந்ததைத் திருப்பித் தராது. ராஜ்குமாரின் கறுப்பு வெள்ளைப் படங்களான 'சத்ய ஹரிச்சந்திரா' (1965) 2008-லும், 'கஸ்தூரி நிவாசா' (1971) 2014-லும் வண்ணத்தில் வந்தன. இரண்டாவது, நம் சிவாஜி 1975-ல் 'அவன்தான் மனிதன்' என்று நடித்த அதே கதை. கறுப்பு வெள்ளையில் மூன்று எண்கள் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன. சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒரே சாம்பலாக விழலாம். எந்தச் சாம்பல் எந்த நிறம் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது, மனிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஆகவே நாம் பார்ப்பது 1965-ன் நிறம் அல்ல, 2008-ன் தீர்மானம். ரசிக்கலாம், தப்பில்லை. அது மூல நிறம் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது.

என் கவலை இன்றைய படங்களைப் பற்றியது. கடையில் வாங்கிய 'ஹாலிவுட் லுக்' வாய்ப்பாட்டைப் போட்டு, மாநிற முகத்தை ஆரஞ்சாக்கி, நிழலை நீலமாக்கி, அந்த ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால், அந்த முகத்தின் உண்மை நிறத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூலத்தை வைத்திருங்கள். எந்தக் கேமராவுக்கு எந்த வாய்ப்பாடு போட்டீர்கள் என்று ஒரு வரி எழுதியும் வையுங்கள். 1964-ல் சென்னை லேபில் எந்த எண்களைப் போட்டார்கள் என்று யாரைப் போய்க் கேட்பது? நம் காலத்துப் படங்களுக்காவது அந்த நிலை வர வேண்டாமே.